காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு நன்றி எதற்கு?

வீடியோ கேம் உருவாக்குபவர்களிடம் அதை விளையாடுபவர்கள் நன்றியோடு இருக்க வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் ஏதாவது ஒரு சச்சரவின் நடுவில்தான் எழுகிறது. புதிய கேம் ஒன்று பிழைகளோடு வெளியாகும், வாங்கியவர்கள் கொதிப்பார்கள், இத்தனை ஆண்டுகள் உழைத்தவர்களிடம் கொஞ்சமாவது நன்றியோடு நடந்துகொள்ளுங்கள் என்று ஒரு தரப்பு சொல்லும், காசு கொடுத்தாயிற்று, இதில் நன்றிக்கு என்ன வேலை என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கும். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் யாருக்கு நன்றி, எதற்காக நன்றி என்பதை இரண்டு தரப்புமே கேட்காமல் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே நன்றி சொல்வதா வேண்டாமா என்று பேசுவதில் பொருள் இருக்கிறது என்பது என் எண்ணம். கேம்களைப் பொறுத்தவரை அப்படித் தெரிந்துகொள்வது அவ்வளவு எளிதாகவும் இல்லை.

காசு கொடுத்தாயிற்று என்ற வாதத்தை லேசில் ஒதுக்கிவிட முடியாது. விற்பவர் விலை சொல்கிறார், வாங்குபவர் கொடுக்கிறார், அத்துடன் கணக்குத் தீர்கிறது. பொருள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது: வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருவதை, கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் 2015ஆம் ஆண்டு முதல் நடைமுறையாக வைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டில் எங்கும் நன்றிக்கு இடமில்லை. அப்படி இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. யாரும் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வாங்கியவர் தலைநிமிர்ந்து குறை சொல்லலாம், விற்றவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே கேள்வியை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமானியச் சிந்தனையாளர் செனெகா மருத்துவரை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார். கட்டணம் கொடுத்த பிறகும் சில மருத்துவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பதாக உணர்வது ஏன்? நாடியைப் பிடித்துப் பார்த்து, செய்ய வேண்டியதையும் தவிர்க்க வேண்டியதையும் ஒட்டுதல் இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போகிறவருக்குக் கட்டணத்துக்கு மேல் எந்தப் பாக்கியும் இல்லை என்கிறார் அவர். தொழில் கேட்கும் அளவைத் தாண்டி நமக்காகக் கவலைப்பட்டு, கூட இருந்து பார்த்தவரின் கணக்கு மட்டும் கட்டணத்தோடு முடிவதில்லை. இந்தப் பாகுபாடு கேம்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ஒரே ஒரு சிக்கல், மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், கேம் உருவாக்குபவர் தன் கேமை விளையாடப்போகிறவரைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளில் அந்த வகை அக்கறை இருக்க முடியுமா?

முடியும் என்பதற்கு 2018இல் வெளியான செலெஸ்ட் என்ற கேம் நல்ல சான்று. மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சியை நோக்கி ஏறுவதுதான் அதன் கதை. மிகக் கடினமான கேம். ஒரு திரையைக் கடப்பதற்குள் பல முறை விழுந்து சாக நேரிடும். அதன் உருவாக்குநர் மேடி தார்சன், விளையாடுபவர்களின் கண்ணில் படாமல் அந்தக் கேமுக்குள் வைக்கப்பட்டிருக்கும் சில சலுகைகளை 2020இல் வெளிப்படையாக விளக்கினார். விளிம்பிலிருந்து மேடலினின் கால் விலகிய பிறகும், வினாடியில் மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு, அவள் இன்னும் தரையில்தான் நிற்கிறாள் என்று கேம் கணக்கில் கொள்கிறது. அந்த இடைவெளியில் தாவும் பொத்தானை அழுத்தினால் தாவல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கேம் உருவாக்குபவர்கள் இந்த உத்தியைக் கயோட்டி டைம் என்பார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை நினைவில் வைத்திருந்து, தரையைத் தொட்ட கணத்தில் தாவ வைக்கிறது. மேலே தாவும்போது தலை ஒரு கல்லின் மூலையில் இடித்தால், தடுத்து நிறுத்துவதற்குப் பதிலாக ஓரமாக நகர்த்தி வழிவிடுகிறது.

இவை எதையும் விளையாடுகிறவர் உணர்வதில்லை. தான் சரியான நேரத்தில் அழுத்தியதாகவே நினைக்கிறார். திரையைக் கடந்ததும் தன் திறமையால் கடந்ததாகவே மகிழ்கிறார். அப்படி நினைக்க வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் நோக்கமே. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, மனித விரலுக்கும் கண்ணுக்கும் உள்ள இயல்பான தாமதத்தை எண்ணிப் பார்த்து, "இவர் தாவத்தான் நினைத்தார், விரல்தான் கொஞ்சம் பிந்திவிட்டது" என்று முன்கூட்டியே மன்னித்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை, தயாரித்து விற்கப்படும் பொருட்களில் இந்த அளவுக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும் பரிவைக் காண்பது அரிது. விளையாடுபவர்களிடம் நன்றி குறைவாக இருப்பதாகக் குறைபட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கேமில் வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவு தூரம் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பிழை மட்டும் எப்போதும் தெரியும்.

சில சமயம் இந்த அக்கறை வெளிப்படையாகவும் இருக்கும். 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில், பார்வை, கேட்பு, கை அசைவு ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களுக்காக 60க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. அவற்றில் ஒலிக் குறிப்புகளும் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதியும் அடக்கம். பார்வை அறவே இல்லாதவர்களும் அந்தக் கேமை முழுமையாக விளையாடி முடித்தார்கள். மற்றவர்களில் பலர் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதற்கு என்ற கேள்விக்கு இது ஓரளவு விடை. யாருக்கு என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் கேம் உருவாக்கியவர்களின் பெயரை மறைப்பதென்பது இந்தத் தொழிலின் தொடக்க காலத்திலிருந்தே தெரிந்து செய்யப்பட்ட காரியம்.

1970களின் பிற்பகுதியில், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும், அடாரி நிறுவனத்தின் 2600 கருவிக்கான ஒவ்வொரு கேமையும் அனேகமாக ஒரே ஆள்தான் உருவாக்கினார். யோசனை, நிரல், படம், ஒலி எல்லாம் அவருடையவை. ஆனால் பெட்டியிலோ கேமுக்குள்ளோ அவர் பெயர் இருக்காது, நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். அட்வென்ச்சர் என்ற கேமை எழுதிய வாரன் ராபினெட் இதைப் பொறுத்துக்கொள்ளாமல், யாரிடமும் சொல்லாமல் கேமுக்குள் ஒரு ரகசிய அறையை வைத்தார். ஓர் அறையின் நிறத்திலேயே கலந்துபோய் நிற்கும் ஒற்றைப் புள்ளி ஒன்றைக் கண்டெடுத்து, அதை வேறோர் இடத்துக்குச் சுமந்து சென்றால், ஒரு சுவரைக் கடந்து உள்ளே போகலாம். அங்கே இருந்தது "உருவாக்கியவர் வாரன் ராபினெட்" என்ற எழுத்துகள் மட்டும்தான். 1980இல் அட்வென்ச்சரை விளையாடிய ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதே நிறுவனத்தில் இருந்த டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். தாங்கள் எழுதிய கேம்கள் நிறுவனத்தின் விற்பனையில் பெரும் பங்கைக் கொண்டுவருவதைக் கண்டு, பெயரும் வருவாயில் ஒரு பங்கும் கேட்டுத் தலைமை நிர்வாகி ரே கஸ்ஸாரிடம் போனார்கள். தொழிற்சாலையில் கேம் பெட்டிகளைப் பொருத்தித் தருபவர்களைவிட நீங்கள் முக்கியமானவர்கள் இல்லை என்ற பொருளில் பதில் கிடைத்ததாகக் கிரேன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1979இல் அவர்கள் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்க உதவினார்கள். அதன் கேம்களில் உருவாக்கியவரின் பெயர் பெட்டியிலேயே அச்சானது; உள்ளே இருக்கும் கையேட்டில் அவருடைய குறிப்புகளும் இருந்தன.

பெயர் தெரிந்ததும் விளையாடுபவர்களுக்கும் உருவாக்குபவர்களுக்கும் நடுவே ஒரு போக்குவரத்து தொடங்கியது. 1982இல் வந்த ஆக்டிவிஷனின் பிட்ஃபால் கேமில் 20,000 புள்ளிகள் எடுத்தவர்கள் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் ஒன்று தபாலில் திரும்பி வரும். வணிக உத்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து, இது டேவிட் கிரேன் செய்தது என்று அறிந்து விளையாடியவருக்குத் தன் மகிழ்ச்சியை யாரிடம் கொண்டுசேர்ப்பது என்பது தெரிந்திருந்தது. அடாரியின் பெட்டியை வாங்கியவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இது பழங்கதை அல்ல. 2011இல் எல்.ஏ. நுவார் என்ற கேம் வெளியானபோது, அதில் வேலை செய்த 100க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் விடுபட்டிருந்தன அல்லது தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன. விடுபட்டவர்களே தனியாக ஓர் இணையப் பக்கம் அமைத்துத் தங்கள் பெயர்களை வெளியிட நேர்ந்தது. வேலை முடிவதற்கு முன்பே விலகியவர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் பல கேம் ஸ்டுடியோக்களில் இருந்து வந்திருக்கிறது. 5 ஆண்டுகள் எடுக்கும் ஒரு கேமில் 3 ஆண்டுகள் உழைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவருக்கு, அந்த உழைப்புக்குச் சாட்சியாக எதுவும் மிஞ்சாது. பெரிய கேம்களில் இன்று நூற்றுக்கணக்கானவர்கள், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலைத் தாண்டிச் செல்லும் பொத்தானை நாம் அழுத்துவதற்கு முன்பே, அதிலிருந்து சிலர் தாண்டிச் செல்லப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே நிறுவனம் வேறு, வேலை செய்தவர்கள் வேறு என்பதை மனதில் பிரித்து வைத்துக்கொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் இரண்டாம் பாகத்தில், டார்த் வேடர் போன்ற முக்கியப் பாத்திரங்களைத் திறக்க நெடுநேரம் விளையாட வேண்டியிருந்தது; பணம் கொடுத்தால் முன்னேறுவது எளிது என்ற ஏற்பாடும் கூடவே இருந்தது. இதைச் சாதித்த பெருமையை விளையாடுபவர்கள் உணர்வதற்காகவே அப்படி அமைத்தோம் என்று அதை வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் விளக்கம் சொன்னபோது, அந்தப் பதிவுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதே கேமில் பனிப் பாறைகளையும் காட்டு மரங்களையும் அவ்வளவு நுணுக்கமாக வடித்த ஓவியர்களுக்கு அந்த விலைத் திட்டத்தில் பங்கிருக்க வாய்ப்பில்லை என்பதும் உண்மை. ஒரே கேமின் ஒரு பகுதியைக் கண்டித்துக்கொண்டே இன்னொரு பகுதிக்காக நன்றியோடு இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

உடைந்து வெளியான கேமைப் பின்னர் சரிசெய்து கொடுத்தால் அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா? நோ மேன்ஸ் ஸ்கை என்ற கேம் 2016 ஆகஸ்ட்டில் வெளியானபோது, முன்பு பேட்டிகளில் சொல்லப்பட்ட பல அம்சங்கள் அதில் இல்லை. ஹலோ கேம்ஸ் என்ற அந்தச் சிறிய ஸ்டுடியோ நெடுநாள் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அப்டேட்களை வெளியிடத் தொடங்கியது. 2018இல் முழுமையான கூட்டு விளையாட்டு வசதி வந்தது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகளாக விரிவாக்கங்கள் இலவசமாகவே வந்துகொண்டிருக்கின்றன. 2019இல் ரசிகர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, இங்கிலாந்தின் கில்ட்ஃபர்டில் அந்த ஸ்டுடியோவின் அலுவலகத்துக்கு அருகே, நன்றி சொல்லும் விளம்பரப் பலகை ஒன்றை வைத்தார்கள்.

அந்தப் பலகை பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன், ஆனால் அதில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். சொன்னதைச் செய்து முடித்தது கடன் அடைத்தது. அதற்குப் பாராட்டு போதும். சொன்னதையும் தாண்டி, புதிதாக ஒரு காசும் கேட்காமல், ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போனது வேறு வகை. ஸ்டார்டியூ வேலி கேமை 4 ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி ஆளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட எரிக் பரோன், அதன் பிறகு சேர்த்த பெரிய விரிவாக்கங்களுக்கும் விலை வைக்கவில்லை. 2024இல்கூட அப்படி ஒன்று வந்தது. இங்கே அடைக்க வேண்டிய கடன் எதுவும் இருக்கவில்லை. மாதக் கட்டணம் செலுத்தி இணையத்தில் விளையாடும் கேமாக 2010இல் வெளியாகிப் படுதோல்வி அடைந்த ஃபைனல் ஃபேன்டஸி 14இன் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, மாதக் கட்டணத்தை நெடுங்காலம் நிறுத்தி வைத்தது, நவோகி யோஷிதாவின் தலைமையில் கேமை அடியிலிருந்து புதிதாகக் கட்டி 2013இல் மீண்டும் வெளியிட்டது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், ஆனால் அதை அத்தனை நேர்மையோடு செய்தவர்கள் குறைவு.

நன்றி என்ற சொல்லைக் குறை சொல்பவரின் வாயை அடைக்கப் பயன்படுத்தும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. குறை சொல்வதும் ஒரு வகையில் கேமைப் பொருட்படுத்துவதுதான். பொருட்படுத்தாதவர் பேசாமல் அழித்துவிட்டுப் போய்விடுவார். 2012இல் மாஸ் எஃபெக்ட் 3 என்ற கேமின் முடிவு பிடிக்காமல் போன ரசிகர்கள், அதை உருவாக்கிய பயோவேர் ஸ்டுடியோவுக்குச் சுமார் 400 கப்கேக்குகளை அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறங்கள், ஆனால் எதைக் கடித்தாலும் ஒரே வெனிலா சுவை. கேமின் மூன்று முடிவுகளும் நிறத்தில்தான் மாறுகின்றன, உள்ளே ஒன்றே என்பது அவர்கள் சொல்ல வந்தது. அதே எதிர்ப்பின் பகுதியாக, நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு 80,000 டாலர் அளவுக்கு நிதியும் திரட்டினார்கள். சில மாதங்களில் விரிவாக்கப்பட்ட முடிவு ஒன்றை பயோவேர் இலவசமாக வெளியிட்டது. கோபம் முழுதும் அப்படியே இருந்தது, எதிரே இருப்பவர்கள் மனிதர்கள் என்ற நினைவும் இருந்தது. மாறாக, நோ மேன்ஸ் ஸ்கையின் வெளியீடு சில வாரங்கள் தள்ளிப்போனதற்காக அதன் உருவாக்குநர் ஷான் மரேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மிரட்டியவர்களின் குற்றத்தை நன்றிக் குறைவு என்று பெயரிட்டுச் சிறிதாக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் வியந்து நன்றி சொல்லும் நுணுக்கம் எந்த விலையில் வந்தது? 2004இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரை மணக்கவிருந்த பெண், வார விடுமுறையும் இல்லாமல் தொடரும் வேலை நேரத்தைப் பற்றிப் பெயர் குறிப்பிடாமல் எழுதிய பதிவு பெரும் அதிர்வை உண்டாக்கியது. மிகைநேர ஊதியம் கேட்டு ஊழியர்கள் தொடுத்த இரண்டு வழக்குகளில் அந்த நிறுவனம் மொத்தம் 3 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துச் சமரசம் செய்தது. வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் இரவு பகலாக வேலை வாங்கும் இந்த வழக்கத்தைத் தொழிலில் கிரஞ்ச் என்பார்கள். அதைத் தியாகமாகப் புகழ்ந்து நன்றி சொல்லும்போது, அடுத்த கேமுக்கும் அதே தியாகத்தைக் கேட்பவர்களின் கையை நாம் பலப்படுத்துகிறோம். வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும் செய்தி வரும்போது பொறுமையாக இருப்பது, அங்கே வேலை செய்பவர்களுக்குப் புகழுரையைவிட அதிகம் உதவும்.

எல்லாருமாகச் சேர்ந்து பொதுவாகச் சொல்லும் நன்றி எப்படித் திசை தவறும் என்பதை ஸ்டீம் விருதுகளில் பார்த்தோம். வெளியாகிப் பல காலம் ஆன பிறகும் உருவாக்குநர்கள் கைவிடாமல் வளர்த்துவரும் கேமுக்கு, விளையாடுபவர்களே வாக்களித்துத் தரும் விருது ஒன்று அதில் உண்டு. 2021இல் டெராரியா என்ற கேமுக்குக் கிடைத்தது, மிகப் பொருத்தம். 2023இல் அது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் இரண்டாம் பாகத்துக்குப் போனது. 2018இல் வந்த அருமையான கேம்தான். ஆனால் அதற்குப் பெரிய அப்டேட்கள் வருவது நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது, அதன் ரசிகர்களே கைவிடப்பட்டோம் என்று வருந்திக்கொண்டிருந்தார்கள். பிடித்த பெயருக்கு வாக்களித்தார்களே தவிர, எதற்காக என்று பார்த்து வாக்களிக்கவில்லை.

விளையாடுபவர்களின் பாராட்டு ஒரு ஸ்டுடியோவைக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோ 2023 ஜனவரியில் வெளியிட்ட ஹை-ஃபை ரஷ் என்ற கேம் எங்கும் புகழப்பட்டது. 2024 மே மாதத்தில் அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கிராஃப்டன் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டதால் வேலை தொடர்ந்தது. மூடப்பட்ட மற்றப் பல ஸ்டுடியோக்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தத் தொழிலில் ஆண்டுக்கு 10,000க்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகப் பதிவான கணக்கு. அடுத்த வேலை தேடும் ஒலி வடிவமைப்பாளருக்கோ கேமின் கட்டங்களை வடிவமைப்பவருக்கோ, முந்தைய கேமில் தன் பங்கு இன்னது என்று காட்ட முடிவதுதான் கையில் இருக்கும் மூலதனம். அருமை, நன்றி என்று எழுதிவிட்டுப் போகிற ஒரு வரி அவருக்குப் பயன்படாது. பெயர்ப்பட்டியலை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, இந்தக் குகைக்குள் நடக்கும்போது காலடி ஓசை கல்லுக்குக் கல் மாறுவதை இன்னார் செய்திருக்கிறார், அதற்காகவே அங்கே வெகுநேரம் நின்றேன் என்று பெயரோடும் இடத்தோடும் விமர்சனத்தில் எழுதினால், அது அவருடைய ஆவணமாகிறது. அதே விமர்சனத்தில், மூன்றாவது கட்டத்தில் சேமித்த ஆட்டம் காணாமல் போகிறது, எந்தக் கதவைத் திறந்த பிறகு அப்படி ஆகிறது என்றும் எழுதலாம். அதைத் திருத்த உட்காருபவருக்கு அந்த வரியும் உதவும்.